“பாத்திமா”வில் எத்தனை எழுத்துகள்?

“பாத்திமா” என்ற பெயரில் எத்தனை எழுத்துகள் என்று தரம் ஒன்றில் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். பா, த், தி, மா என விரல்விட்டு எண்ணி நான்கு என்று சொல்லும். பைதன் மொழியிடம் கேட்டால் 8 என்கிறது. இன்று வழக்கிலுள்ள யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்து, சி மொழியிடம் கேட்டால் 24 என்கிறது.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் நாங்கள் பைதனில்தான் செய்நிரல் எழுதப் பழகுகிறோம். “இவ்வளவு இலகுவான மொழி இருக்கும்போது சி எதற்கு?” என்று பலரும் கேட்கிறார்கள். பைதனோடு சி மொழியின் அடிப்படையையும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், சரம் என்பது வரிசையாக அடுக்கிய பைற்றுகள் மட்டுமே. அதன் முடிவைக் காட்டக் கடைசியில் ஒரு பூச்சியம் இருக்கும். ஆகவே “பாத்திமா”வுக்கு 25 பைற்றுகள் வேண்டும். அந்த இடத்தை ஒதுக்குவது எழுதுபவரின் பொறுப்பு. ஒதுக்கியதை விட நீளமான சரத்தை அப்படியே நகலெடுத்தால் பக்கத்திலுள்ள தரவு அழிந்துபோகும். 1988 இல் இணையத்தில் பரவிய மொரிஸ் புழு கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இத்தகைய கவனயீனமே. நினைவகம் ஓர் அமானிதம் என்பதை சி கற்றுத்தருகிறது.

1991 இல் கீடோ வான் ரொஸம் வெளியிட்ட பைதன் இச்சுமையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. இரண்டு சரங்களைக் கூட்டற்குறியால் இணைத்துவிடலாம். ஆனால் பரவலாகப் பயன்படும் பைதனே சி மொழியில் எழுதப்பட்டதுதான். உள்ளே நடப்பதை அறியாதவர், செய்நிரல் பிழைக்கும்போது எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்பார்.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். யுனிகோட்டில் “பா” என்பது ப, கால் என இரண்டு குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைற்றுகள். பைதன் குறியீடுகளை எண்ணுகிறது, சி பைற்றுகளை எண்ணுகிறது. எழுத்துகளை இரண்டுமே தாமாக எண்ணுவதில்லை. பைதனில் “பாத்திமா”வைத் தலைகீழாக்கினால் தனியே ஒரு கால் முன்னால் வந்து நிற்கும். “மா” இருந்த இடத்தில் “மி” தோன்றும். பெயருக்கு 20 பைற்றுகள் மட்டும் ஒதுக்கிய படிவமோ அவளை “பாத்தி” ஆக்கிவிடும்! ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதிப்பவருக்கு இக்குறை ஒருபோதும் தெரியவராது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை கணினி படிக்கிறாள் என்பதோடு திருப்தியடையாதீர்கள். அவள் எழுதிய செய்நிரலில் உங்கள் பெயரைத் தமிழில் இட்டுப் பாருங்கள். தோழிகளே, பைதனில் தேர்ச்சி பெறுங்கள், விடுமுறையில் சி மொழியையும் தொட்டுப் பாருங்கள். நமது பெயர்களைச் சரியாக எண்ணும் செய்நிரலை, அவற்றை எழுத்துக்கூட்டத் தெரிந்த நாம்தான் முதலில் எழுத வேண்டும்.