கண் எரிந்தால்தான் சுத்தமா?

குளியலறையைக் கழுவிவிட்டு வெளியே வருபவருக்குக் கண் கலங்க வேண்டும், தொண்டை கமற வேண்டும், நெடி கூடம்வரை வீச வேண்டும். அப்போதுதான் பல வீடுகளில் "நன்றாகக் கழுவியிருக்கிறது" என்று மனம் நிறைகிறது. தெருவில் ஆசிட், பினாயில் விற்று வருபவரிடமும் "நல்லா காரமா இருக்குமா?" என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். கடுமையான ரசாயனம் இல்லாமல் வீடும் சுத்தமாகாது, உடம்பும் சுத்தமாகாது என்பது நம் வீடுகளில் கேள்வியே கேட்கப்படாத நம்பிக்கை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை. ஒன்று மட்டும் பாதி நிற்கிறது.

"நெடி அடித்தால் கிருமி செத்துவிட்டது" என்பது முதல் வாதம். நெடி என்பது அந்தத் திரவத்திலிருந்து ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்ட பகுதி. அது தரையில் இல்லை. கழுவுபவரின் மூக்கிலும் நுரையீரலிலும் இருக்கிறது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் பல நகரங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சுத் திறனை 20 ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வு அது. வீட்டிலோ வேலையிலோ சுத்தம் செய்துவந்த பெண்களுக்கு, அந்த வேலை செய்யாத பெண்களைவிட நுரையீரலின் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. ஸ்பிரே அடித்தவர்களுக்கும் அப்படித்தான், மற்றத் திரவங்களைப் பயன்படுத்தியவர்களுக்கும் அப்படித்தான். பெரும்பாலான வேலைக்கு நுண்ணிழைத் துணியும் தண்ணீருமே போதும் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரே காலையில் மூன்று நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண், அத்தனை வீட்டு நெடியையும் ஒரே நுரையீரலில் வாங்கிக்கொள்கிறார். மேலே ஒரு சின்ன ஜன்னல் மட்டும் இருக்கும் குளியலறை, உள்ளே ஈரம், கையில் உறை கிடையாது. வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்துத் திருப்திப்படும் மணத்துக்கு விலை கொடுப்பவர் அவர்தான்.

அடுத்த வாதம் இதைவிட ஆபத்தானது: "தனித்தனியாகப் போட்டுப் போகாத கறை, ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் போகும்." போகாது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு இரண்டுமே வலுவிழக்கும். மிச்சமாக வெளிவருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை உருளைகளில் கொண்டுவந்து போர்க்களத்தில் திறந்துவிட்டதும் இதே வாயுதான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து தேய்ப்பவருக்குச் சிறிதளவு போதும், மூச்சு முட்டிவிடும். சிறுநீர் தேங்கிய கழிப்பறையில் ப்ளீச்சை ஊற்றினால்கூட, சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற எரிச்சலூட்டும் வாயு கிளம்பும்.

"சாதா சோப்பு அழுக்கைத்தான் எடுக்கும், கிருமியைக் கொல்ல ஆன்டிபாக்டீரியல் சோப்பு வேண்டும்" என்பது விளம்பரங்கள் ஊட்டி வளர்த்த வாதம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு ஆதாரம் கேட்டது. தினசரிப் பயன்பாட்டில் சாதா சோப்பையும் தண்ணீரையும்விட இவை மேலானவை என்று காட்டும்படி உற்பத்தியாளர்களிடம் சொன்னது. அவர்களால் காட்ட முடியவில்லை. 2016 செப்டம்பரில் டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பான் உட்பட 19 பொருட்களைக் கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அந்த நிர்வாகம் உத்தரவிட்டது. சோப்பு கிருமியைக் கொன்றாக வேண்டும் என்றில்லை. எண்ணெய்ப் பசையோடு பிடுங்கித் தண்ணீரில் அனுப்பிவிட்டால் போதும். கொரோனா வைரஸைப் போலக் கொழுப்புறை போர்த்திய கிருமியானால் அந்த உறையையும் சோப்பு கிழித்துவிடும். அதே கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்து மனிதர்கள் மேலேயே மருந்து தெளித்தார்கள். பல ஊர்கள் அதைப் பின்பற்றத் தொடங்கின. தெளிப்பதால் பயன் இல்லை, கண்ணுக்கும் தோலுக்கும் கேடு என்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் மத்திய சுகாதார அமைச்சகமும் அந்த மாதமே தடுத்தன.

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பதற்குப் பதில் சொல்ல அதிகம் வேண்டாம். முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்துக்கென்று விற்கும் பவுடர் நுரை குறைவாக வரும்படியே செய்யப்படுகிறது. துணி வெளுக்கத்தான் செய்கிறது. வடிகாலில் போகும் நுரை எங்கே சேர்கிறது என்பதை ஓசூர்க்காரர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வெள்ளை மலையாகக் குவிகிறது. ஆலைக் கழிவோடு வீட்டுச் சாக்கடையின் டிடர்ஜென்ட்டும் அதில் கலந்திருக்கிறது.

பாதி நிற்கும் வாதத்துக்கு இப்போது வரலாம். "போர்த்தண்ணீர் உப்புக்கறை ஆசிட் இல்லாமல் போகுமா?" நியாயமான கேள்வி. அந்தக் கறை பெரும்பாலும் கால்சியச் சுண்ணம். அதைக் கரைக்க அமிலம் வேண்டும்தான். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் வேண்டும் என்றில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் போதும். வெந்நீரில் கரைத்துக் குழாயிலும் டைல்ஸிலும் தடவி அரை மணி ஊறவிட்டுத் தேய்த்தால் கறை இளகும். தடித்த கறையானால் இரண்டு மூன்று நாள் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். காரம் செய்வதை நேரம் செய்யும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கிய கைகளுக்கு இது புதிதல்ல. ஆசிட்டோ கறையோடு நிற்பதில்லை. டைல்ஸ் இடுக்குச் சிமெண்டை அரிக்கும், மொசைக்கைச் சொரசொரப்பாக்கும். சொரசொரப்பான தரை அழுக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அடுத்த மாதம் இன்னும் காரமான ஆசிட் தேவைப்படும். தரை கெட்டதே ஆசிட்டால்தான் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் "இயற்கை" என்று எழுதிய பாட்டிலுக்கு மாற்றினால் அதுவும் தவறு. புளி அமிலம்தான், சாம்பல் காரப் பொருள்தான், சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வருவது சபோனின் என்ற ரசாயனத்தால்தான். கேள்வி ரசாயனமா இல்லையா என்பதல்ல. எவ்வளவு கடுமை, எந்த வேலைக்கு என்பது. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து பொங்கவைப்பவர்கள் இரண்டின் பலத்தையும் போக்கிவிட்டு உப்புத் தண்ணீரால் துடைக்கிறார்கள். கறுப்பு மருதாணி என்று விற்பதில் பிபிடி என்ற முடிச்சாயம் கலந்து, தோல் கொப்பளித்தவர்கள் உண்டு.

"கடையில் விற்கிறதே, சோதிக்காமலா விட்டிருப்பார்கள்?" என்ற சமாதானத்துக்குக் கேரளத்தின் கோட்டக்கல்லில் பதில் இருக்கிறது. 2021க்கும் 2023க்கும் இடையே அங்கே ஒரு வகைச் சிறுநீரகக் கோளாறோடு நோயாளிகள் அடுத்தடுத்து வந்தார்கள். மருத்துவர்கள் விசாரித்தபோது அவர்களில் பலர் சிவப்பழகு கிரீம் பூசியது தெரிந்தது. கிரீமில் பாதரசம் இருந்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருளை இந்தியச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் அது கடைக்கு வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத கிரீமை, யார் பரிந்துரைத்தாலும் முகத்தில் பூசக் கூடாது.

கடுமையான பொருளுக்கு இடமே இல்லையா? உண்டு. 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கலந்த நீரில் சக மருத்துவர்களைக் கை கழுவவைத்துப் பிரசவ மரணங்களைக் குறைத்தார். வீட்டில் வயிற்றுப்போக்கு நோயாளி இருந்தால், வெள்ளம் வடிந்த பிறகு தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தால், ப்ளீச் தேவை. அப்போதும் முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுத்துவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய ப்ளீச் அழுக்கோடு தீர்ந்துபோகும். மற்ற நாட்களில் சோப்பு, தேய்க்கும் நார், தண்ணீர், திறந்த ஜன்னல் போதும்.

ஆசிட்டும் ப்ளீச்சும் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றே பிரித்து வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஊற்றவே கூடாது என்று சொல்லிவிடுங்கள்.