இறக்கிவிட்டவன் பேர் எங்கே?

'விஷவாயு தாக்கி இருவர் பலி.' வங்கிக்குப் போகுமுன் டீக்கடையில் பேப்பரைப் புரட்டினால் வருஷம் தவறாமல் இந்த வரி. செத்தவன் பேர் இருக்கும், வயசு இருக்கும். இறக்கிவிட்டவன் பேர் இருக்காது. வாயுவே சேரிக்கு ஆள் தேடி வந்து அடித்துவிட்டுப் போன மாதிரி.

அந்த வாயு ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாத்தம். 'நாத்தம் போயிடுச்சு, இறங்கு' என்பார்கள். சாவு அங்கேதான். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கைத் தொட்டாலே மூக்கு மரத்துவிடும். 1000 பங்கானால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். விளக்கை இறக்கிப் பார்த்தாலும் இது தெரியாது; மீத்தேன் இருந்தால் தீதான் பிடிக்கும். அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பியும் சாவது இப்படித்தான்.

நானும் யோக்கியன் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு கிளையில், கக்கூஸ் கழுவ வந்த அக்கா பிளீச்சிங் பவுடர் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டார். கிளம்பியது குளோரின். இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். 'நெடி அடிக்குது, கதவைச் சாத்துங்க சார்' என்றது ஒரு குரல். எழுந்துபோய்ச் சாத்தியவன் பட்டதாரியான நான். இரண்டையும் கலக்கக் கூடாதென்று தெரிந்தும் அந்த அக்காவிடம் சொல்லவில்லை. அன்றிரவு கவிதை எழுதினேன். வெட்கம்.

சட்டம் 1993-இல் வந்தது. 2013-இல் இன்னொன்று: பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், வீட்டுக்காரரே ஆனாலும், முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்சநீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023-இல் 30 லட்சம் என்றது. பிணத்துக்கு விலை ஏறியிருக்கிறது.

நம் காவிரிக்கரைக் கும்பகோணத்திலேயே 2018-இல் ஆள்குழிக்கு ரோபோ வந்தாயிற்று. ஆனாலும் வீட்டுத் தொட்டி நிரம்பினால், நடவுக்குக் கூப்பிட்ட அதே வாய் அதே சேரியைக் கூப்பிடுகிறது.

தோழர்களே, இறங்காதீர்கள். லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதையும் மீறி ஒரு சாவு விழுந்தால், எஃப்.ஐ.ஆரில் இறக்கிவிட்டவன் பேர் ஏறும்வரை ஸ்டேஷன் வாசலை விட்டு நகராதீர்கள். இந்த முறை நானும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார மாட்டேன்.