லட்டைத் தொட்டால் முறுக்கு வருதா?

ஒரு பலகாரக் கடையின் வெப்சைட். முகப்பில் ஒரே போட்டோ: இடமிருந்து வலமாக முறுக்கு, அதிரசம், லட்டு. எதைத் தொட்டாலும் அதற்கான பக்கம் திறக்க வேண்டும். இதற்கு உதவுவது ‘இமேஜ் மேப்’. 1997-ல் வந்த ஹெச்டிஎம்எல் 3.2-லேயே இந்த வசதி உண்டு. படத்தின் மேல் இடது மூலையிலிருந்து பிக்ஸல் கணக்கில் எல்லை வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு லிங்க் கொடுத்தால் போதும்.

சிக்கல் போனில்தான். திரைக்கு ஏற்ப படம் சுருங்கும். எல்லைக் கணக்கு சுருங்காது. 1,000 பிக்ஸல் அகலப் படம் 400 ஆகும்போது, லட்டு இருக்கும் இடத்தில் முறுக்கின் எல்லை வந்து நிற்கும். லட்டு கேட்டவருக்கு முறுக்குப் பக்கம் திறந்தால், ஆர்டர் போச்சு!

தீர்வு, ‘எஸ்விஜி’. வெப்சைட் பக்கத்துக்குள்ளேயே படத்தையும் தொடும் இடங்களையும் எஸ்விஜியாக ஒன்றாக அமைத்தால், இரண்டும் சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே விரியும்.

இன்னொன்று: ஒவ்வொரு லிங்க்குக்கும் ‘முறுக்கு’, ‘லட்டு’ எனப் பெயர் எழுதுவது அவசியம். பார்வையற்றவர்களுக்கு ஸ்க்ரீன் ரீடர் வாசித்துக் காட்டுவது அந்தப் பெயரைத்தான்.

கம்ப்யூட்டரில் சரியாக இருந்தாலும், வெளியிடும் முன் போனில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது நல்லது.