பட்டியலில் பழகிய கை

டார்ஜானைப் பத்திரிகைப் படக்கதையாக முதன்முதலில் வரைந்தவர் ஹால் பாஸ்டர். 1892-ல் கனடாவில் பிறந்தவர்.

அவர் கை பழகியது எங்கே? வின்னிப்பெக் நகரில், ஹட்சன் பே கம்பெனியின் சரக்குப் பட்டியலில்! வயிற்றுப் பிழைப்புக்குத் துணிமணிகளை வரைந்தார். பின்பு சிக்காகோவுக்குச் சைக்கிளிலேயே போனார். 1929-ல் டார்ஜான் வந்தது. 1937-ல் இளவரசன் வேலியன்ட். சட்டையின் மடிப்பை உள்ளபடி வரைந்து பழகிய கைதான், பிறகு வீரர்களின் அங்கியையும் கவசத்தையும் வரைந்தது.

பட்டியல் படமானாலும் சரி, விளம்பரத்துக்குத் தீட்டிய நீர்வண்ணப் படமானாலும் சரி, "கூலிக்கு வரைந்ததுதானே" என்று ஒதுக்குவது தவறு. நீர்வண்ணத்தில் பிசகிய தீற்றலை எளிதில் மறைக்க முடியாது. இளம் ஓவியரின் துணிவும் தடுமாற்றமும் அதில் அப்படியே தெரியும்.

புகழ் வந்தபின் தேடினால் கிடைக்குமா? அச்சானதும் மூலப் படத்தைக் குப்பையில் போடாதீர்கள். பெயர் தெரியாத ஓவியரின் படத்தையும் பாதுகாத்து வையுங்கள்!