ஈ, தா, கொடு

ஆங்கிலத்தில் 'கிவ்' என்னும் வினைச்சொல்லை அறியாதார் இல்லை. அதற்கு இணையாகப் பல சொற்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். ஆயினும் அவை யாவும் ஒன்றல்ல. விடுப்புக் கடிதத்தில் 'கிராண்ட்' என்று எழுதுகிறோம். அது மேலிருப்பவர் இசைந்து அளிப்பது. 'டொனேட்' என்பது கைம்மாறு கருதாத நன்கொடை. 'பே' என்பதோ உழைப்புக்கு உரியதைச் செலுத்துவது. கூலியை 'டொனேட்' செய்ததாக எவரும் சொல்லார்.

தமிழிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 'ஈ' என்று கேட்பவர் தாழ்ந்தவர், 'தா' என்பவர் ஒத்தவர், 'கொடு' என்பவர் உயர்ந்தவர் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளது. கேட்கும் சொல்லிலேயே கேட்பவரின் நிலை தெரிந்துவிடுகிறது!

இது வெறும் இலக்கணந்தானா? இல்லை என்பதே எம் கருத்து. நம் கீழ்வேளூர் வட்டத்திலுள்ள கீழ்வெண்மணியை நினைத்துப் பாருங்கள். வயலில் நட்டும் அறுத்தும் உழைத்த ஏழை மக்கள் கூலியை உயர்த்தும்படி கேட்டனர். அவர்கள் 'ஈ' என்று இரக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து, ஒத்தவராக நின்று, 'தா' என்றனர். அதைப் பொறாத நிலக்கிழார் தரப்பினர் 1968 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில், ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்தவர்களைத் தீயிட்டுக் கொன்றனர். இறந்தோர் 44 பேர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உலகமே பாலன் பிறப்பைக் கொண்டாடிய நாளில் நம் பக்கத்து ஊர்க் குழந்தைகள் மாண்டனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறது.

ஈகை சிறந்த அறமே. வள்ளுவரும் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் ஈகை வேறு, கூலி வேறு. உரியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அதில் ஒரு பிடியைத் தருமமாக நீட்டுவது அறமாகுமா? "நாங்கள்தான் இவர்களுக்குப் படியளக்கிறோம்" என்று சிலர் பெருமை பேசுவதை இன்றும் கேட்கிறோம். சேற்றில் குனிந்து நாற்று நட்டவள் அல்லவா நமக்கெல்லாம் படியளக்கிறாள்!

நாள்தோறும் நாம் சொல்லும் செபத்தில் அன்றாட உணவைத் 'தாரும்' என்றே இறைவனிடம் கேட்கிறோம். பிள்ளை தந்தையிடம் உரிமையோடு கேட்பது போன்றது அது. இறைவனே அவ்வாறு கேட்க நம்மை அனுமதிக்கும்போது, நம் வீட்டிலும் வயலிலும் உழைப்பவர் உரிமையோடு கேட்டால் நாம் முகம் சுளிக்கலாமா?

எனவே தோழியரே, சொற்களின் பொருளைத் தேர்வுக்காக மட்டும் கற்காமல் வாழ்வுக்காகவும் கற்போம். இல்லாதார்க்கு ஈவோம், உழைத்தார்க்கு உரியதைத் தாமதமின்றித் தருவோம், இரண்டையும் ஒன்றென்று எண்ணாதிருப்போமாக!