ஏழை சொல் அம்பலம் ஏறட்டும்!

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழி என்றால் பொய்க்காது என்று நம்புவோர் பலர். ஆனால், தோழர்களே, பழமொழியிலே இரண்டு வகை உண்டு. அனுபவம் பெற்றெடுத்தது ஒரு வகை. அடிபட்டு அடிபட்டு, இனி எழுந்து பயன் இல்லை என்று சோர்ந்து போனவன் விட்ட பெருமூச்சு மற்றொரு வகை. இது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஏழையின் சொல்லுக்குக் கால் இல்லையா? உண்டு. அம்பலத்துக்குப் படி இல்லையா? அதுவும் உண்டு. படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்குக் காட்ட ஆள் இல்லை. அதுதான் குறை!

திருப்பெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம், வடகால் வரை ஒருமுறை சென்று பாருங்கள். உலகத்துச் சாலைகளில் ஓடும் கார்கள் அங்கே உருவாகின்றன. உலகத்தார் கையிலே மின்னும் கைப்பேசிகள் அங்கே பூட்டப்படுகின்றன. அவற்றைச் செய்கிற கைகளோ, ஒரே அறையில் ஆறு பேர், எட்டு பேர் என்று அடைந்து கிடக்கும் வரிசை வீடுகளிலிருந்து வருகின்றன. இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலை பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பவனைப் பாருங்கள். தருமபுரிக்காரன், திருவண்ணாமலைக்காரன், பீகார்க்காரன், ஒடிசாக்காரன்! ஊர் வேறு, மொழி வேறு. சட்டைப் பையின் கனம் மட்டும் ஒன்று.

அந்தச் சட்டைப் பைக்குள்ளேதான் கொரோனா காலத்தில் சர்க்காரின் கை நுழைந்தது.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடெங்கும் ஊரடங்கு. அந்த ஆண்டு செப்டம்பரில், 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி அபராதப் பட்டியல் ஒன்று வெளியாயிற்று. முகக்கவசம் இல்லையேல் 200 ரூபாய். பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500. இடைவெளி விட்டு நிற்காவிட்டால் 500. கடையும் முடிதிருத்தகமும் விதி மீறினால் 5000.

நோய் பொய் என்று நாம் சொல்லவில்லை. முகக்கவசம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லை மதித்தோம், மதிக்கச் சொன்னோம். மூடநம்பிக்கையை எதிர்த்து முழங்கிய நாட்டிலே, விஞ்ஞானத்தை ஏளனம் செய்ய எவன் துணிவான்? நம் கேள்வி வேறு. மருந்து தர வேண்டிய இடத்தில் லத்தியை ஏன் தந்தீர்கள்? காருக்குள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்பவருக்கு 200 ரூபாய் ஒரு சிற்றுண்டிச் செலவு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது குழந்தையின் பால், கிழவியின் மாத்திரை, நாலு நாள் சாப்பாடு. தொகை ஒன்று, தண்டனை ஒன்றா?

இன்னொரு கேள்வியும் உண்டு. சாலையிலே இடைவெளி இல்லாமல் நின்றால் 500 ரூபாய். ஆலைக்குள்ளே நின்றால்?

இந்தக் கேள்வியை நாம் மேடைக்காகக் கேட்கவில்லை. ஒரகடத்துத் தொழிலாளர்கள் நீதிமன்றத்திலேயே கேட்டார்கள். 2021 மே மாதம். இரண்டாம் அலை வீட்டுக்கு வீடு பிணம் விழ வைத்த நேரம். ஊர் அடங்கிக் கிடந்தது. கார் ஆலைகள் ஓட அனுமதி இருந்தது. ரெனால்ட் நிசான் ஆலையின் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. பட்டறை வரிசையில் இடைவெளி இல்லை, எங்கள் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்று முறையிட்டது. நிர்வாகம் மறுத்தது, விதிகள் யாவும் காக்கப்படுகின்றன என்றது. உயிர் பெரிதா, உற்பத்தி பெரிதா என்ற கேள்வியைத் தொழிலாளர்கள் தங்கள் கால்களாலேயே தீர்த்தார்கள். மே 26 முதல் வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். ஆலை சில நாட்கள் நின்றது. அதிகாரிகள் நேரில் சென்று ஆலையைப் பார்வையிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிற்று.

என்ன பொருள்? ஏழை சொல் அம்பலம் ஏறிற்று! தனி ஒருவன் சொல்லியிருந்தால் வாயிற்காவலனைத் தாண்டியிருக்காது. சங்கம் சொல்லிற்று, வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார், ஆகவே ஏறிற்று.

சாலைக்கு வருவோம். சாலையில் நிற்பவனுக்குச் சங்கம் ஏது? அங்கே நடந்தது என்ன? ஊரடங்கு உத்தரவை மீறினான் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவின்கீழ் வழக்குகள் மலை மலையாய்க் குவிந்தன. வண்டிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

இந்த 188இன் கதையைப் பாட்டாளித் தோழன் அறிந்திருக்க வேண்டும். அரசு ஊழியரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவனைத் தண்டிக்கும் பிரிவு அது. 1897இல் பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது வெள்ளையர் ஆட்சி கொண்டு வந்த தொற்றுநோய்ச் சட்டமும், மீறுவோரைத் தண்டிக்க இந்த 188ஐயே சுட்டிற்று. அந்தப் பிளேக் காலத்தில் புனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து செய்த கெடுபிடியால் மக்கள் கொதித்தெழுந்தது வரலாறு. வெள்ளைக்காரன் போனான், அவன் சட்டம் போகவில்லை.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு கடிவாளம் உண்டு. 188ஆவது பிரிவு வழக்கை நீதிமன்றம் ஏற்க வேண்டுமானால், உத்தரவிட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195ஆவது பிரிவு. கரூர் மாவட்டத்திலிருந்து வந்த ஜீவானந்தம் வழக்கில், 2018ஆம் ஆண்டு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். 188இன்கீழ் போலீசார் தாமாகவே முதல் தகவல் அறிக்கை பதிய அதிகாரம் இல்லை என்றார். இந்தத் தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில்தான் ஊரடங்கு வந்தது!

தீர்ப்பு இருந்தது, பயன்படுத்த ஆள் இல்லை. சட்டத்தை மீறினான் என்று ஏழை மீது வழக்கு. அந்த வழக்கைப் போட்ட முறை சட்டப்படி சரியா என்று கேட்கவோ நாதி இல்லை. கேட்டவர்கள் உயர் நீதிமன்றம் சென்று வழக்கை ரத்துச் செய்துகொண்டு திரும்பினார்கள். கேட்காதவர்கள் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் 2021 பிப்ரவரியில், அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சம் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார். போலீசாரைத் தாக்கியது, இ-பாஸ் மோசடி போன்றவை மட்டும் விலக்கு.

பத்து லட்சம்! ஒரு மாநிலத்திலே பத்து லட்சம் வழக்குகளைப் போட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்று விடுவதென்றால், போட்டபோது நிதானம் எங்கே போயிற்று? வழக்கு போகலாம். அந்த வழக்குக்காக அலைந்த நாட்களின் கூலி வருமா? பட்ட அவமானம் திரும்புமா?

போன உயிர் திரும்புமா?

சாத்தான்குளத்தை மறந்தவர் உண்டா? 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் கடந்தும் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் தொடக்கம். ஜெயராஜ் என்ற தகப்பன், பென்னிக்ஸ் என்ற மகன். காவல் நிலையம் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. கோவில்பட்டிச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குப் போய், சில மணி நேர இடைவெளியில் இருவரும் மாண்டனர். மறு ஆண்டு ஜூனில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் அருகே சோதனைச் சாவடியில் அடிபட்ட வணிகர் ஒருவரும் இறந்தார். கடை திறந்ததற்குச் சட்டம் வைத்த விலை அபராதம். வாங்கப்பட்ட விலை உயிர்!

விசாரியாமல் தண்டித்த பாண்டியனை நோக்கிச் சிலம்பேந்தி நீதி கேட்டாள் ஒரு பெண். சாத்தான்குளத்துக்கும் நீதி கேட்ட இடம் அதே மதுரைதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. காவல் நிலையத்துக்கு நீதித்துறை நடுவரை அனுப்பிற்று. அங்கே வேலை பார்த்த பெண் காவலர் ஒருவர், தான் கண்டதை அஞ்சாமல் சொன்னார். அந்தக் காக்கிச் சட்டைக்குள்ளும் கண்ணகி இருந்தாள்!

ஆகவே நாம் போலீஸ்காரரின் பகைவர் அல்லர். காவலர் யார்? குடியானவன் மகன், கூலிக்காரன் மகன். வெயிலிலும் நோயிலும் விடுப்பின்றி நின்றவர், நோய் பற்றி மாண்டவரும் பலர். நாம் கேட்பது ஒன்றே: சட்டம் கொடுத்த அதிகாரத்தைச் சட்டத்தின் அளவோடு செலுத்துங்கள்.

கடல் கடந்து ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம். அங்கே ரெட்ஃபெர்ன் என்ற பகுதி. அப்பகுதியில் ஏழை எளியோருக்காக இலவசச் சட்ட உதவி மையம் ஒன்று நெடுங்காலமாக நடக்கிறது. கொரோனா காலத்தில் அந்த மாநிலத்திலே 62,138 அபராதச் சீட்டுகள் கிழிக்கப்பட்டன. ஏழைகளும் பழங்குடியினரும் வாழும் ஊர்களில்தான் அதிகம் விழுந்தது என்ற குமுறல் எழுந்தது. அந்த மையம் என்ன செய்தது? ஊர்வலம் போகவில்லை. சீட்டைக் கையில் எடுத்துப் படித்தது! ஆயிரம் டாலர் ஒருவருக்கு, மூவாயிரம் டாலர் இன்னொருவருக்கு என்று விதித்த சீட்டிலே, என்ன குற்றம் செய்தார் என்பதே சரியாக எழுதப்படவில்லை. குற்றம் எது என்று சொல்லாமல் தண்டம் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று நீதிமன்றத்தில் கேட்டது. 2022 நவம்பரில் அரசாங்கமே குறையை ஒப்புக்கொண்டது. ஒரு சிலருக்காகத் தொடுத்த வழக்கிலே 33,121 அபராதங்கள் ரத்தாயின. 2024 நவம்பரில், மிச்சமிருந்த 23,539ம் திரும்பப் பெறப்பட்டன.

ஒரு சிலர் கேட்டார்கள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அபராதங்கள் ரத்து! அம்பலம் ஏற அங்கே படி காட்டியது யார்? தெருமுனையில் கதவைத் திறந்து வைத்திருந்த ஒரு சின்னச் சட்ட மையம்.

நோய்தான் போய்விட்டதே, இந்தக் கதை இன்று எதற்கு என்று கேட்கலாம். நோய் போயிற்று, பழக்கம் போயிற்றா? 2021 டிசம்பரில், விடுதி உணவு உண்டு 150க்கு மேற்பட்ட ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் மருத்துவமனை சேர்ந்தபோது, சாலைக்கு வந்து நியாயம் கேட்ட தோழிகளைப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடக்கப் புறப்பட்டபோது நூறு பேருக்கு மேல் தடுத்துப் பிடிக்கப்பட்டார்கள். அந்தச் சங்கம் உயர் நீதிமன்றம் வரை சென்றுதான் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. ஆட்சியில் அமரும் கொடி எந்த நிறமானாலும், லத்திக்கு நிறம் தெரிவதில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பெயர் மாறிற்று. 188 இன்று புதிய சட்டத்தில் 223 என்ற எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது, தண்டனையும் கூடிற்று. எழுத்து மூலப் புகார் வேண்டும் என்ற கடிவாளமும் 215ஆம் பிரிவாகத் தொடர்கிறது. எண் மாறியதைப் போலீசார் அறிவார்கள். தொழிலாளி அறிய வேண்டாமா?

தீராத வழக்கொன்று பெயரில் இருந்தால் ஆலையிலே நன்னடத்தைச் சான்று கேட்கும்போது தலை குனிய வேண்டும். இருநூறு ரூபாய்த் தகராறு, இருபதாண்டு வாழ்வின் வாசலை அடைக்கும். பிரச்சினையின் ஆழம் இங்கேதான் இருக்கிறது.

என்ன செய்வது? இதோ ஒரு சேதி. உரக்கப் படியுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கட்டும். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, இலவச வழக்கறிஞர் பெற உரிமையுள்ளோரைப் பட்டியலிடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர். அவர்களோடு ஆலைத் தொழிலாளி! வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இவர்களுக்கு இல்லை. நீதிமன்றங்களில் இயங்கும் சட்டப்பணிகள் குழுவிடம் மனுக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். இந்த உரிமை ஏட்டிலே ஏறி நாற்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. ஒரகடத்திலே எத்தனை தொழிலாளருக்குத் தெரியும்?

தெரிய வைப்பது நம் கடமை. தோழர்களே, ஒரு காலத்தில் நாம் முடிதிருத்தகத்தையும் தேநீர்க் கடையையும் பள்ளிக்கூடமாக்கினோம். படிப்பகம் அமைத்து, ஒருவர் பத்திரிகை படிக்க ஐம்பது பேர் கேட்டு, அரசியல் கற்றோம். அதே படிப்பகத்தில், வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை போடுங்கள். ஒரு வழக்கறிஞரை அழைத்து உட்கார வையுங்கள். எந்த ஷிப்டு முடிந்தும் வந்து சேரக்கூடிய நேரமாக அது இருக்கட்டும். இந்தியோ ஒடியாவோ தெரிந்த தோழர் ஒருவரும் பக்கத்தில் இருக்கட்டும். மொழி திணிக்கப்படுவதன் வேதனையை அறிந்த நாம், மொழி புரியாமல் திகைக்கும் தொழிலாளியைக் கைவிடலாமா?

மேசைக்கு வருவோருக்கு இவற்றைச் சொல்லுங்கள். அபராதம் கேட்டால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பணிவாகக் கேள். ரசீது இல்லாமல் பணம் கொடாதே. படிக்காத தாளில் கையெழுத்திடாதே. நாள், நேரம், இடம், காவலரின் பெயர்ப் பட்டை, நான்கையும் குறித்து வை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் காண விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது யாரோ போடும் பிச்சை அல்ல. அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு உனக்குத் தந்த உரிமை. வீட்டுக்குத் தகவல் தரவேண்டும் என்பது 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை.

இப்படிச் சொல்லிக் கொடுத்தால் குற்றவாளி தப்பிவிட மாட்டானா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஐயா, குற்றவாளியை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், குறுக்கே நாங்கள் நிற்க மாட்டோம். சட்டம் தெரிந்தவனைக் கண்டு நியாயமான காவலர் அஞ்ச வேண்டியதில்லை. இங்கிலாந்துப் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனே ஊரடங்கு விதியை மீறியதற்காக 2022இல் அபராதம் கட்டினார். மேலே இருப்பவனையும் தொடுகிற சட்டத்துக்குக் கீழே இருப்பவன் மரியாதை தருவான். கீழே இருப்பவனை மட்டும் தேடி வருகிற சட்டத்துக்கு அவன் பயம் தருவான், மரியாதை தரமாட்டான்.

நாளை இன்னொரு நோய் வரலாம், இன்னொரு வெள்ளம் வரலாம், இன்னொரு 144 வரலாம். அன்றைக்கும் நடுச்சாலையில் தனியாக நிற்கப் போகிறவன் அதே தொழிலாளிதான். அவன் கையிலே ரசீதும், நாவிலே சட்டமும், பக்கத்திலே வழக்கறிஞரும் இருக்க வேண்டுமானால், மேசை இன்றே போடப்பட வேண்டும். நோய் வந்த பிறகு மருத்துவமனை கட்ட முடியாது. லத்தி ஓங்கிய பிறகு சட்டம் படிக்கவும் முடியாது.

திருப்பெரும்புதூர்த் தோழர்கள் தொடங்கட்டும், ஒரகடம் தொடரட்டும். பழமொழியை மாற்றுவது புலவர் வேலை என்று எண்ணாதீர்கள். அது பாட்டாளியின் வேலை.