பிள்ளை பாட்டெழுதட்டும், படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஒரு வருடத்தில் மூன்று பெற்றோர் என்னிடம் ஒரே கவலையைச் சொல்லிவிட்டார்கள். "டீச்சர், பையன் வேலையை விட்டுட்டு சினிமாவுக்குப் பாட்டெழுதப் போறேங்கறான். நீங்க சொன்னா கேப்பான்." மூவரில் இருவர் என்னிடமே படித்தவர்கள். ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார், இன்னொருவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருக்கிறார். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் கையில் இருக்கும் தொழிலை விடவும் விடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

முதலில் தொழில். பாட்டெழுதுவதற்கென்று ஒரே பாதை நம் ஊரில் என்றுமே இருந்ததில்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வயல் வேலையில் தொடங்கிப் பல வேலைகள் பார்த்தவர். 1959-ல் மறைந்தபோது வயது 29 தான். கண்ணதாசன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பத்திரிகை வேலையில் ஊறி, 1949-ல் 'கன்னியின் காதலி' படத்தில் முதல் பாட்டை எழுதினார். வாலி திருச்சி வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சென்னையில் வாய்ப்பில்லாமல் கிளம்பிவிடலாம் என்றிருந்தபோது, 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டைக் கேட்டு மனம் மாறியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். புலமைப்பித்தன் தமிழாசிரியர் (எங்கள் ஜாதி!). தாமரை கோவையில் இயந்திரப் பொறியியல் படித்து வேலை பார்த்த பெண். மதன் கார்க்கி கணினி அறிவியலில் முனைவர், அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். நம் பக்கத்துக் காஞ்சிபுரத்துப் பிள்ளை நா.முத்துக்குமார் முதலில் இயற்பியல், பிறகு தமிழ் படித்து, பாலுமகேந்திராவிடம் உதவி இயக்குநராக இருந்தவர்.

இவர்களில் பலருக்கும் பாட்டு வருமானம் வருவதற்கு முன்பே வேறு ஒரு வேலை இருந்தது. எனவே "வேலையா, பாட்டா?" என்று வீட்டில் சண்டை போட வேண்டாம். இரண்டும் கொஞ்ச காலம் சேர்ந்தே நடக்கட்டும். பூந்தமல்லியிலிருந்து வடபழனிக்கு ஒரே பஸ். படப்பிடிப்புத் தளமே செம்பரம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. கோடம்பாக்கத்தில் ரூம் எடுத்துப் பட்டினி கிடந்தால்தான் கவிஞன் என்பதெல்லாம் பழைய கதை.

அடுத்து, பிள்ளைகளுக்கு ஒன்று. சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். இசையமைப்பாளர் தன்னானே என்று தத்தகாரத்தில் பாடிக் கொடுப்பார். இயக்குநர் காட்சியைச் சொல்வார். அந்த நீளத்துக்குள் சொல்லை உட்கார வைக்க வேண்டும். ஒரு பல்லவிக்குப் பத்துப் பல்லவி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வகுப்பில் கை தட்டிச் சொல்லிக்கொடுத்தேனே, "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டீர்களே, இதற்குத்தான். நெடில் விழ வேண்டிய இடத்தில் குறிலைப் போட்டால் பாடகர் அதை இழுத்துப் பாடி அர்த்தத்தையே கெடுத்துவிடுவார். ஆகவே தினம் எழுதிப் பழகுங்கள், வாசியுங்கள்.

இப்போது கையெழுத்து விஷயம். என்னிடம் படித்த ஒரு பையன், பெயர் வேண்டாம். பகலில் கம்பெனி வேலை, இரவில் கானா எழுதுவான். ஒரு பாட்டை ஒரு நிறுவனத்துக்கு 3000 ரூபாய்க்குக் கொடுத்தான். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டினார்கள், போட்டுவிட்டான். பாட்டு கல்யாண வீடுகளிலெல்லாம் ஓடுகிறது. யூடியூபில் அவன் பெயரே இல்லை. "பணம்கூட வேணாம் டீச்சர், எங்கம்மாவுக்குக் காட்ட என் பேராவது இருந்திருக்கலாம்" என்றான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது அவனுக்கு மட்டும் நடந்ததில்லை. படத்துக்காக எழுதிய பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஒருமுறை கொடுத்த கூலியோடு கணக்கு முடிந்தது. 2012-ல்தான் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் ஒரு பாடலாசிரியர், ஜாவேத் அக்தர். இப்போது, திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர, வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்று மற்ற இடங்களில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அதை வசூலித்துத் தர 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். "இதை எழுதியவன் நான்" என்று சொல்லும் உரிமை, விற்ற பிறகும் உங்களுடையதே.

சட்டம் இருந்தும் சிக்கல் தீரவில்லை. நம் ரயில் பாதையில் இருக்கும் அரக்கோணத்துத் தம்பி அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-ல் உலகமெல்லாம் ஒலித்தது. அதில் யார் பங்கு எவ்வளவு என்று அடுத்த ஆண்டே பொதுவெளியில் விவாதம் வந்தது. மூன்று ஆண்டாகியும் எங்கள் யாருக்கும் அதில் வருமானம் வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் சொன்னார். அவ்வளவு புகழ் பெற்ற பாட்டுக்கே இந்த நிலை என்றால், நம் தெருப் பிள்ளைகளின் பாட்டுக்கு?

அமெரிக்காவில் டாலி பார்ட்டன் என்ற நாட்டுப்புறப் பாடகி இருக்கிறார். அவர் எழுதிய ஒரு பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். ஆனால் வெளியீட்டு உரிமையில் பாதி வேண்டும் என்றது எல்விஸ் தரப்பு. அவ்வளவு பெரிய பாடகர்! இவர் முடியாது என்றுவிட்டார். 1992-ல் அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் பாடினார். பாடலாசிரியருக்கான பணம் முழுக்க டாலிக்கே வந்து கொட்டியது. வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு படிப்பு.

"புது ஆள், பேரம் பேசினால் வாய்ப்பு போய்விடும்" என்பார்கள். உண்மைதான், போகலாம். கூலி குறைவாக இருந்தால் முதல் பாட்டுக்கு ஒத்துக்கொள்ளுங்கள். பெயரையும் ராயல்டியையும் விட்டுத் தராதீர்கள். வேலை கையில் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதும் இதனால்தான். அடுத்த மாத வாடகைக்கு வழியிருப்பவன்தான் "படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குப் போடுகிறேன்" என்று சொல்வான். எல்லாம் தலையெழுத்து என்கிறோம். பாதி கையெழுத்தால் வருவது.

ஒரு வேண்டுகோள். பூந்தமல்லி, அம்பத்தூர் கோர்ட்டுகளில் வக்கீலாக இருக்கும் என் பிள்ளைகளே, மாதம் ஒரு மணி நேரம் இந்தத் தம்பி தங்கைகளின் ஒப்பந்தத்தைப் படித்துத் தமிழில் விளக்கிச் சொல்ல முடியுமா? முடியும் என்பவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். இடம் என் வீட்டு மாடி. காபி என் செலவு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்